ஞாயிற்றுக்கிழமைக் கைகள்

ஒருவரைப் புதிதாகச் சந்திக்கிறோம். பெயரைக் கேட்கிறோம், ஊரைக் கேட்கிறோம். அதற்கு அடுத்தபடியாக நாக்கு நுனியில் தயாராக வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?" கேட்பவரும் சரி, பதில் சொல்பவரும் சரி, இதற்கு ஒரே ஓர் அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "தோட்டத்தில் கத்தரிச் செடி போட்டிருக்கிறேன்" என்றோ, "ராத்திரியில் வீணை பழகுகிறேன்" என்றோ யாரும் பதில் சொல்வதில்லை. "பாங்கில் இருக்கிறேன்", "காலேஜில் வாத்தியார்", "ரெயில்வேயிலிருந்து ரிடையராகிவிட்டேன்" என்கிறார்கள். மாதம் பிறந்தால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட்டால், ஆளையே சொல்லிவிட்டதாக இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஒப்பந்தத்தில் அவ்வளவு நம்பிக்கை இருக்க முடியாது. ஒரு பாத்திரத்தைக் குமாஸ்தா என்று அறிமுகப்படுத்துவது சுலபம். ஆனால் அந்தக் குமாஸ்தா ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த பிறகு எந்தத் தெருவில் திரும்புகிறான், எங்கே போய் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியாதவரை அவன் காகிதத்தைவிட்டு எழுந்து நடக்கமாட்டான். ஆகவே, மனிதன் என்பவன் அவனுடைய பிழைப்பா, அல்லது அவனுடைய பித்தா என்ற கேள்வி என் தொழிலோடு ஒட்டிக்கொண்டே வருவது.

இந்தப் பழைய கேள்வியை எனக்குப் புதிதாக்கிக் கொடுத்தவர்கள் மோட்டார்ப் பைத்தியங்கள். பைத்தியம் என்ற சொல்லை மரியாதையோடுதான் எழுதுகிறேன். அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு கூட்டம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால், கடற்கரையை ஒட்டிய ஓர் அகலமான தெருவில் தங்கள் பழைய கார்களோடு வந்து சேருவார்கள். என் சிநேகிதர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. அவரோடு நானும் போய் நிற்பதுண்டு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே மற்றவர்கள் வண்டிகளைப் பார்க்கும்போது நான் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே வரும் அம்பாஸடர் ஒன்றின் சொந்தக்காரர் கண் டாக்டர். வயது ஐம்பதுக்குள் இருக்கும். உத்தரபாராவில் அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனபோது வீட்டில் துக்கம் காத்ததாகச் சொல்லிச் சிரிப்பார். பம்பாய் குர்லாவில் தயாரான பியட் 1100 ஒன்று வரும். அதை ஓட்டி வருகிறவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண். அது அவள் அப்பாவின் வண்டி. ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரித்த ஹெரால்டு ஒன்றும் உண்டு. அதன் உடைமையாளர் ரெயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்று முடிந்துவிட்டது. இவர்களைத் தவிர ஒரு சரித்திரப் பேராசிரியர், ஒரு ஜவுளிக்கடை முதலாளி, இரண்டு வக்கீல்கள். என் சிநேகிதர் பாங்கில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறார். மோட்டார்த் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டத் தெரியாதவர்களும் அநேகமாக இல்லை.

நம் ஊர்க் கூட்டங்களில் வழக்கமாக வயது பேசும், இல்லாவிட்டால் பதவி பேசும். இங்கே இரண்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். ஒரு நாள் பியட் கிளம்புவதில் தகராறு செய்தது. கார்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"கண்டென்சரை மாத்திப் பார்த்தியாம்மா?"

"மாத்திட்டேன் அங்கிள். அதுலே இல்லை. பாயிண்ட் இடைவெளி ஜாஸ்தியா இருக்கு."

"அப்படியா? எங்கே, காட்டு."

எழுபத்தொரு வயது குனிந்தது. இருபத்தாறு வயது ஒரு மெல்லிய தகட்டை நுழைத்துக் காட்டிற்று. அந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவில் இருக்க வேண்டுமாம். தலைமயிரைப் போல நாலைந்து மடங்கு தடிமன், அவ்வளவுதான். பெரியவர் ஒத்துக்கொண்டு தலையாட்டினார். தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் கேட்கிறார். வேறு எந்தச் சட்டமும் அங்கே செல்லுபடியாகவில்லை.

இவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். அன்பு கொள்ளுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை அது. கூலிக்காக இல்லாமல் நேசத்துக்காக ஒன்றைச் செய்கிறவன் அமெச்சூர். நாளடைவில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது. அரைகுறையாக எதையாவது செய்தால், "அமெச்சூர் வேலை" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். காசு வாங்கிக்கொண்டு செய்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது, பாருங்கள்!

மோட்டார் சரித்திரம் இதற்கு மாறாகத்தான் சாட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் 1922-இல் ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் வெளிவந்தது. ஹெர்பர்ட் ஆஸ்டினோடு உட்கார்ந்து அதன் வரைபடங்களைப் போட்டவன் ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயதுப் பையன். 1939 வரையில் சுமார் 2,90,000 வண்டிகள் விற்றன. சாமானியர்கள் வாங்கக்கூடிய கார் அது; சாமானியர்கள் கழற்றிப் பூட்டக்கூடிய காரும் அதுவே. அதன் மேல் மையல் கொண்டவர்கள் 1939-இல் '750 மோட்டார் கிளப்' என்று ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். பழைய ஆஸ்டினை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாங்களே பந்தயக் கார் செய்துகொள்கிற சிக்கனக்காரர்களின் சங்கம் அது.

அந்த உலகத்திலிருந்து வந்தவர்தான் காலின் சாப்மன். படித்தது கட்டட எஞ்சினீயரிங். 1948-இல், தமக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கார்க் கொட்டகையில், ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தம் முதல் காரைச் செய்தார். பகலில் அலுமினியக் கம்பெனியில் உத்தியோகம், மாலையில் கொட்டகை என்று சில வருஷங்கள் ஓடின. பிற்பாடு உலகப் பந்தயங்களை ஜெயித்த லோட்டஸ் கார்கள் இந்த மாலைநேரத்துப் பிள்ளைகள். 1957-இல் அவர் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' வண்டியை உதிரி உறுப்புகளாகவே வாங்கிக்கொள்ளலாம். முழு வண்டிக்கு விற்பனை வரி உண்டு, உதிரிக்கு இல்லை. எனவே, வாங்கியவர்கள் தங்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். எப்படிப் பூட்டுவது என்று எழுதிக் கொடுத்தால் வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர் அதைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டார் என்றும் ஒரு கதை சொல்வதுண்டு.

வயதுக்கு வருவோம். நியூஸிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் பர்ட் மன்றோ என்று ஒருவர் இருந்தார். அவருடைய காதல் காரில்லை, மோட்டார் சைக்கிள். 1920-இல் வாங்கிய 'இண்டியன் ஸ்கவுட்' வண்டி ஒன்றை ஒரு கொட்டகையில் வைத்துக்கொண்டு சுமார் நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். பிஸ்டனைக்கூடத் தாமே வார்த்துக்கொண்டார். உடைந்துபோன பாகங்களைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வரிசையாக அடுக்கி, வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்று எழுதிவைத்திருந்தார். 1967-இல், அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்காவிலுள்ள பான்வில் உப்புப் பாலையில் அதே வண்டியை மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டி உலக சாதனையை ஏற்படுத்தினார். அந்த வயதில் நம்மில் பலர் பென்ஷன் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்போம்.

இவர்களெல்லாம் அசாதாரணமானவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கவனம் சாதாரணமானவர்கள் மேல்தான். சாதனையும் செய்யாமல், கம்பெனியும் தொடங்காமல், பாங்குத் தணிக்கைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் எதற்காகப் படுத்துக்கொள்கிறார்?

அவரையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆபீஸிலே ஒரு பைல் எப்ப முடிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது ஸார். நான் கையெழுத்துப் போடுவேன். அது மேலே போகும். மேலேயிருந்து கேள்வியோட திரும்பி வரும். பதில் எழுதுவேன், மறுபடி போகும். இருபத்தெட்டு வருஷமா ஒரு வேலையையாவது 'முடிச்சேன்'னு சொல்லிப் படுத்ததில்லை. இங்கே அப்படி இல்லை. சாவியைத் திருப்பினா கிளம்பணும். கிளம்பலேன்னா தப்பு என்னோடது."

இதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் காலத்து உத்தியோகங்களில் பெரும்பாலானவற்றில் செய்கிறவனுக்கும் செய்யப்படுகிற பொருளுக்கும் நடுவே ஆயிரம் மேஜைகள் போடப்பட்டிருக்கின்றன. பழியை அடுத்த மேஜைக்குத் தள்ளலாம், புகழை அடுத்த மேஜைக்காரன் எடுத்துக்கொண்டு போகலாம். என்ஜினிடம் இதெல்லாம் நடக்காது. அதற்கு முகஸ்துதி தெரியாது. சிபாரிசுக் கடிதத்தை அது படிப்பதில்லை. தைரியமாகப் பேசித் தவறை மறைத்துவிடலாம் என்று எண்ணுகிறவன் ஒரு முறை பிளக்கைத் தவறாக மாட்டிப் பார்க்க வேண்டும். பொய் சொல்ல வசதியில்லாத ஓர் இடத்துக்கு வாரத்தில் ஒரு தடவையாவது போய்வர மனிதனுக்கு ஆசை இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களில் சிலர்கூட இதற்காகத்தான் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது வருகிற புதுக் கார்கள் இந்த ஆசைக்கு இடம் கொடுப்பதில்லை என்பதும் அவர்களுடைய குறை. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருக்கிறது. கோளாறு என்ன என்பதைக் கம்ப்யூட்டரைப் பூட்டித்தான் கேட்க வேண்டும். ஹெரால்டு வண்டியிலோ பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். டயரின் மேல் உட்கார்ந்து நிதானமாக வேலை பார்க்கலாம். "வா, பார்" என்று கூப்பிடுகிற இயந்திரம் அது.

இன்னொன்றும் உண்டு. ஒருவன் ஒரு தொழிலைத்தான் செய்ய வேண்டும் என்று பிளேட்டோ தம் லட்சியக் குடியரசில் விதித்தார். செருப்புத் தைக்கிறவன் தைக்கட்டும், ஆளுகிறவன் ஆளட்டும் என்றார். நாம் இன்னும் ஒரு படி மேலே போய் அதைப் பிறப்போடு முடிச்சுப் போட்டோம். மூளை ஒரு ஜாதிக்கு, கை ஒரு ஜாதிக்கு என்று பங்கு பிரித்தோம். கை வேலை செய்கிறவனுக்குத் திண்ணையில் இடம் கிடையாது என்றும் எழுதாத சட்டம் போட்டோம். சுத்தியலைத் தொடாததையே கௌரவமாக நினைத்த ஒரு பாட்டனாரின் பேரன் இன்று நகக்கண்ணில் கிரீஸோடு பெருமையாக நிற்கிறான் என்றால், அது சின்ன விஷயமில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் இந்த இடத்தில்தான் என் சந்தோஷம் கொஞ்சம் தயங்கி நிற்கிறது.

என் சிநேகிதர் தம்மால் முடியாத வேலைகளுக்கு ஒரு மெக்கானிக்கிடம் போவார். புதுப்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதிருக்கும். பத்து வயதில் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். என்ஜின் ஓடுகிற சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே எந்த டாப்பெட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவரைக் கேட்டேன்:

"பாய், உங்களுக்கும் இந்தப் பழைய வண்டிங்க மேலே ஆசைதானா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் வண்டிக்கடியிலே படுத்தா அது ஆசை ஸார். திங்கக்கெழமையும் படுத்தா அது பொழப்பு."

அதே கிரீஸ், அதே ஸ்பேனர், அதே முதுகுவலி. ஒருவருக்கு அது பத்திரிகையில் போட்டோ போடத்தக்க ரசனை. இன்னொருவருக்கு, பெண் கேட்டுப் போகும் வீட்டில் மெதுவாகச் சொல்ல வேண்டிய தொழில். டாக்டரின் கையில் எண்ணெய் இருந்தால், "பார், எவ்வளவு எளிமை!" என்கிறோம். பாயின் பட்டறைப் பையன் அதே கையோடு பஸ்ஸில் ஏறினால் சட்டையை ஒதுக்கிக்கொள்கிறோம். விருப்பத்தோடு செய்வதால் ஒரு வேலை உயர்ந்துவிடுகிறது என்று சொல்கிறோமே, உயர்ந்தது வேலையா, அல்லது விட்டுவிட்டுப் போக முடியும் என்கிற வசதியா? வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து கை கழுவிக்கொண்டு காபி குடிக்கப் போகலாம் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலையின் பாதி ருசி. பாய்க்கு அந்தப் பாதி கிடையாது.

அந்தப் பட்டறையில் நான் கண்ட ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். பழைய கார்ப் பிரியர் ஒருவர் வந்திருந்தார். என் சிநேகிதரின் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. எங்கேயோ தேடிப் பிடித்த குரோமியக் கிரில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாராம். விலையைச் சொல்லும்போது குரலில் ஒரு பூரிப்பு. அதைப் பூட்டுவதற்கு முன்பக்கத் தகட்டைத் தட்டி நேராக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. பாய் கூலி சொன்னார். பிரியர் அரை மணி நேரம் வாதாடி அதில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்துவிட்டுத்தான் போனார். பொருளுக்குப் பதினெட்டாயிரம் கொடுத்த கை, உழைப்புக்கு ஐந்நூறு கொடுக்கக் கூசிற்று. அவர் கெட்டவரில்லை. பொருளை நேசித்தார், அவ்வளவுதான். அந்தப் பொருளுக்குள் இருக்கிற மனிதனை அவர் பார்க்கவே இல்லை.

இதற்கு நேர் எதிராக என் சிநேகிதரைச் சொல்லலாம். ஒரு சமயம் அவர் தம் வண்டியின் கியர் பாக்ஸைத் தாமே சரிசெய்வதாகக் கிளம்பினார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கழற்றினார், பூட்டினார், எங்கோ ஒரு வாஷர் மிஞ்சிற்று, மறுபடி கழற்றினார். விரலில் நாலு இடத்தில் தோல் உரிந்தது. அவருடைய மனைவி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனியாகச் சந்தைக்குப் போனார்கள். இந்த வகைப் பித்தின் செலவில் ஒரு பங்கை எப்போதும் வீட்டிலுள்ளவர்கள்தான் கட்டுகிறார்கள் என்பதை இங்கே குறித்துவைப்பது நியாயம். கடைசியில் வண்டியைப் பாயிடம் கொண்டுபோனார். ஒரு பகலில் வேலை முடிந்தது. பாய் சொன்ன தொகையை எண்ணி வைத்துவிட்டு, "இது கம்மி பாய்" என்று மேலே இரண்டு நோட்டு வைத்தார். அன்றிலிருந்து அவர் எந்தத் தொழிலாளியிடமும் கூலி பேரம் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று வேலையைக் கவனிக்கிறார். "எனக்கு அஞ்சு வாரம் ஆனதை அவர் ஒரு நாள்லே செய்யறார்னா, அந்த ஒரு நாளுக்குள்ளே அம்பது வருஷம் இருக்கு ஸார்" என்றார்.

பிழைப்பா, பித்தா என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இந்த வார்த்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது. பித்தையே பிழைப்பாக்கிக்கொண்டால் தீர்ந்தது என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தவர்கள் உண்டு. நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள், ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். சாப்மனும் அப்படித்தான். ஆனால் ஒருவருடைய கனவு தொழிற்சாலையாக வளரும்போது, அங்கே வேலைக்கு வருகிற நூறு பேருக்கு அது வெறும் உத்தியோகம்தான். மாலையில் கொட்டகைக்கு ஓட அவர்களும் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருடைய பிழைப்பையும் பித்தாக்கிவிடலாம் என்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

நடக்கக்கூடியது வேறொன்று. நேசத்துக்காக ஒரு தொழிலைத் தொட்டுப் பார்த்தவன், அந்தத் தொழிலால் வயிறு வளர்க்கிறவனைப் பார்க்கிற பார்வை மாறலாம். மாற வேண்டும். நாலு பேர் அறிய மாடித் தோட்டம் போடுகிறவர் காய்கறிக்காரியிடம் பேரம் பேசும்போது ஒரு கணம் நிதானிக்க வேண்டும். ஆசைக்காகச் சமைக்கிற ஆண்பிள்ளை, ஆசை இல்லாத நாளிலும் அடுப்பங்கரையில் நிற்கிறவளை நினைக்க வேண்டும். நம் கை ஒரு வேலையில் படுகிற சிரமத்தை நமக்குச் சொல்கிறது. அந்தச் சேதியை அங்கேயே நிறுத்திக்கொண்டால் பொழுதுபோக்கு என்பது விலை உயர்ந்த பொம்மை விளையாட்டு. அதை எடுத்துக்கொண்டு அடுத்த மனிதனிடம் போனால் அதற்கு வேறு மதிப்பு உண்டாகிறது.

ஒருவர் பாங்கில் இருக்கிறாரா, பந்தயக் கார் செய்கிறாரா, அவருக்கு வயது இருபதா எழுபதா என்பதெல்லாம் அப்புறம் விசாரிக்க வேண்டிய விவரங்கள். தாம் செய்து பார்த்துத் தோற்ற ஒரு வேலையை இன்னொருவர் செய்து முடிக்கும்போது, அவருக்கு முன்னால் இவர் எப்படி நிற்கிறார் என்பதைப் பார்த்தால் ஆளை ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.